திறக்காத கணக்கு, இல்லாத கணக்கே

ஃபெஞ்சல் புயல் ஓய்ந்த மூன்றாம் நாள். புதுச்சேரி காந்தி வீதிப் பக்கம் நான் கணக்கு எழுதும் ஹார்டுவேர் கடையில் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 2024 நவம்பர் 30 பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் ஐம்பது சென்டிமீட்டரை நெருங்கிவிட்டது. கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்ட் கட்டுகள் கூழாகிக் கிடந்தன. மேசைமேல் இருந்த புதுக் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. "டேட்டா பத்திரமா இருக்குல்ல அக்கா?" என்று கேட்டார் கடை முதலாளி பெரியவரின் மகன். "இருக்கு தம்பி, பயப்படாதீங்க" என்றேன். எவ்வளவு யோசிக்காமல் அதைச் சொல்லிவிட்டேன் என்பது தை மாதத்தில்தான் புரிந்தது.

அது அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்திய கூட்டுக்கடை. அண்ணனான பெரியவர் காலமாகிவிட்டார். தை பிறந்ததும் பாகம் பிரிக்கும் பேச்சு வந்தது. சண்டை ஏதும் இல்லை. ஆனால் ஒரு தொகை குறுக்கே நின்றது. 2005இல் பெரியவர் கடையில் போட்ட நான்கு லட்சம் ரூபாய். அது மூலதனமா, கடனா? மூலதனம் என்றால் பங்கோடு பங்காகப் போய்விடும். கடன் என்றால் பாகம் பிரிப்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். "பொண்ணு கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்த பணம். கடை முடைக்குக் கைமாத்தாத்தான் குடுத்தாரு" என்றார் பெரியவரின் மனைவி. சின்னவருக்கு உண்மையாகவே நினைவில்லை. "கணக்குல எப்படி இருக்கோ அப்படியே செஞ்சுடலாம்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 1998 முதல் அந்தக் கடைக் கணக்கை எழுதுகிறவள் நான்.

கணக்கில் பெரியவர் பெயரில் ஒரே ஒரு லெட்ஜர்தான் இருந்தது. அதுவும் மூலதனத்தில். 2007 ஏப்ரல் முதல் தேதியிட்ட தொடக்க இருப்பு ஒன்று, அதற்கு முன்னால் வெறுமை.

காரணம் எனக்குத் தெரியும். 2007 ஜூலை 1 முதல் புதுச்சேரியில் வாட் வரி அமலுக்கு வந்தது. அதற்காகக் கடையில் கணக்கு மென்பொருளைப் புது வெர்ஷனுக்கு மாற்றினோம். அப்போது பழைய டேட்டாவை முறையாக மாற்றவில்லை. புதிதாக ஒரு கம்பெனியை உருவாக்கி, இருப்புகளை மட்டும் கையால் அடித்து ஏற்றினோம். அன்றைக்கு ஊரில் பல கணக்காளர்கள் செய்தது அதைத்தான். பெரியவர் பெயரில் இருந்த இரண்டு லெட்ஜர்களை அவசரத்தில் ஒன்றாகக் கூட்டி மூலதனத்தில் போட்டது என் கை. அந்தக் காலத்து ஆடிட் ஃபைல்களை வைத்திருக்க வேண்டிய கெடு முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அதனால் அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. காகிதப் பிரிண்ட்தான் கடைசி நம்பிக்கை. அதைப் புயல் கொண்டுபோய்விட்டது.

மிச்சம் இருந்தது பரணில் கிடந்த பழைய சிபியு ஒன்று. இறக்கித் துடைத்துப் பார்த்தால் பவர் சப்ளை செத்துவிட்டிருந்தது. ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, அந்தக் காலத்து அகலமான ஐடிஇ இணைப்பை யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிளை சர்வீஸ் கடையில் வாங்கி மாட்டினோம். கரகரவென்று சுற்றத் தொடங்கியது. எண்களையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள், அவற்றுக்குள் 500 என்று முடியும் கோப்புகள். டாலி கணக்கு மென்பொருளின் 7.2 வெர்ஷன் வைத்த டேட்டா அது. இன்றைய டாலிபிரைமில் காட்டினால் கம்பெனிப் பட்டியலில் அந்தப் பெயரே வராது. அதற்கென்று நிறுவனம் தந்திருக்கும் மாற்றுக் கருவியைக் கொண்டு முதலில் டாலி ஈஆர்பி 9க்கு ஏற்ற வேண்டும், அங்கிருந்து பிரைமுக்கு. இரண்டு படி ஏறியதும் பாஸ்வேர்டு கேட்டது. பெரியவர் வைத்த பாஸ்வேர்டு. பிறந்த தேதி, கடைப் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தோம். கடைசியில் அவர் மகனுக்கு ஒன்று தோன்றியது. கடையின் பழைய தொலைபேசி எண், முன்னால் 2 சேர்வதற்கு முந்தைய ஆறு இலக்கம். திறந்துகொண்டது.

2005 மார்ச் 14. ரசீது வவுச்சர். தொகை நான்கு லட்சம். லெட்ஜர் பெரியவர் பெயரில், பிணையில்லாக் கடன் என்ற பிரிவில். கீழே நரேஷன் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் தமிழாக நானே அடித்த வரி: மகள் திருமணத்துக்கு வைத்திருந்த பணம், கைமாற்று, கேட்கும்போது திருப்பித் தருவது. படித்துக் காட்டினேன். சின்னவர் தலையாட்டி, "சரி, அதை முதல்ல எடுத்து வெச்சுடுங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் நியாயம் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக ஒரு பரணில், மின்சாரம் செத்த பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து ஒன்றை எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். கணக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டுமானால், அதைத் திறந்து படிக்க முடிய வேண்டும். திறக்க முடியாத டேட்டா பென்டிரைவில் இருந்தால் என்ன, கடலில் இருந்தால் என்ன?

இது ஒரு கடையின் கதையும் இல்லை, ஒரு மென்பொருளின் குறையும் இல்லை. கணக்கு மென்பொருள் வளரத்தான் வேண்டும். 1986இல் பெங்களூரில் கோயங்கா குடும்பம் தொடங்கிய நிறுவனத்தின் டாலி, டாஸ் திரையிலிருந்து விண்டோஸுக்கு வந்தது. 2009இல் ஈஆர்பி 9 ஆனது, 2020 நவம்பரில் பிரைம் ஆனது. வாட் வந்தபோதும் 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோதும் வரிச் சட்டம் கேட்ட புதிய விவரங்களையெல்லாம் டேட்டாவுக்குள் வைக்க இடம் வேண்டியிருந்தது. இடம் மாறினால் கோப்பின் உள்ளமைப்பும் மாறும். 2023இல் வந்த பிரைம் 3.0 வெர்ஷனும் பழைய டேட்டாவை மாற்றித்தான் திறக்கிறது. அப்படி மாற்றியதைப் பழைய வெர்ஷனில் திரும்பத் திறக்க முடியாது. எந்த நிறுவனத்தின் மென்பொருளிலும் இப்படி ஒருவழிப் பாதைகள் உண்டு. சில நிறுவனங்கள் கடையையே கட்டிவிட்டுப் போகின்றன. பல சிறு வணிகர்கள் நம்பியிருந்த குவிக்புக்ஸ் 2023இல் இந்தியச் சேவையை நிறுத்தியது. மாறுவது தவறில்லை. மாறும்போது பழையதற்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2025 நிலவரப்படி, வருமான வரிக்கு, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஆறு ஆண்டுகள் கணக்கைக் காக்க வேண்டும். ஜிஎஸ்டிக்கு, ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் எட்டு நிதியாண்டுகள். இந்த எண்களை எல்லா வணிகர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சொல்லாத இன்னொரு பாதி இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், ஏழாம் பிரிவு: மின்பதிவை வைத்திருப்பதாகக் கொள்ள வேண்டுமானால், பின்னாளில் எடுத்துப் பார்க்கும்படி அது அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. 2014இன் கம்பெனிக் கணக்கு விதிகளும் அதையே கேட்கின்றன. கோப்பு இருக்கிறது என்றால் போதாது, படிக்க முடிய வேண்டும். கால் நூற்றாண்டாகச் சட்டத்தில் இருக்கும் இந்த வரியை நாம் யாரும் பொருட்படுத்தவில்லை.

மேலும், ஆறு ஆண்டு, எட்டு ஆண்டு என்பதெல்லாம் அரசுக்கு வேண்டிய கெடு. குடும்பத்துக்கு வேண்டிய கெடு வேறு. கூட்டுத்தொழில் பிரியும்போது, கடை பெயரில் வாங்கிய மனையை விற்கும்போது, உயில் நிறைவேறும்போது இருபது முப்பது ஆண்டுக் கணக்கு தேவைப்படும். அதைக் கேட்டு வருவது வரி அதிகாரி இல்லை, நம் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள்.

எனக்கு வேலை கற்றுத் தந்த கணக்கப்பிள்ளை ஐயா, சித்திரை புதுக்கணக்கன்று சிவப்பு அட்டைப் பேரேட்டில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவார். முதல் வேலையாகப் பழைய பேரேட்டிலிருந்து இருப்புகளைப் பெயர்த்தெழுதுவார். நான் பழையதைப் படிக்க, அவர் புதியதைப் பார்த்துக்கொண்டே வருவார். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு புள்ளி. ஐந்தொகை ஒத்துப்போன பிறகுதான் பழைய பேரேட்டைத் துணியில் சுற்றிப் பரணில் வைப்பார். அந்தப் பழக்கம் ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்து வந்தது. ஓலை பூச்சிக்கு இரையாவதற்குள் புதிய ஓலையில் பெயர்த்தெழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த கைகளால்தான் நமக்கு இலக்கியமும் சாஸ்திரமும் கிடைத்தன. இங்கே பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டில் காக்கப்படும் சைவ சித்தாந்தச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. வணிகராகவும் துபாஷாகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்ததற்கும், 1846இல் அது கண்டெடுக்கப்பட்ட பிறகு எடுத்த பிரதிகள் பெரிய காரணம். பெயர்த்தெழுதுவது நமக்குப் புதிய வேலை இல்லை. பெயர்த்ததை மூலத்தோடு ஒப்பிடுவதைத்தான் கம்ப்யூட்டர் வந்த பிறகு விட்டுவிட்டோம்.

2025 பிப்ரவரியில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் கணக்குப் பார்க்கும் அரிசி மண்டி ஒன்றில் 1996ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. ஹார்டுவேர் கடைக் கணக்கைவிட ஒன்பது ஆண்டு பழையது. உள்ளூர்த் தம்பி ஒருவர் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிக் கொடுத்த சின்ன மென்பொருள் அது. அவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. ஃபாக்ஸ்ப்ரோவை வாங்கிய மைக்ரோசாஃப்ட்டும் 2015இல் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. திறக்கவே திறக்காது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். டிபிஎஃப் என்று முடியும் அந்தக் கோப்பை இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் இழுத்துப் போட்டேன். ஒரு நொடியில் தேதி, பெயர், வரவு, பற்று, குறிப்பு என்று கட்டம் கட்டமாக வந்து நின்றது.

பழையது எளிதாகத் திறந்தது, அதைவிடப் புதியது திணறியது. காரணம் எளிது. டிபிஎஃப் கோப்பின் உள்ளமைப்பு உலகத்துக்கே தெரியும், யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் மென்பொருளை எழுதலாம். ஆகவே எழுதியவர் போனாலும் விற்றவர் போனாலும் டேட்டா பிழைத்துக்கொண்டது. கோப்பின் வயது ஒரு பொருட்டே இல்லை. அதைத் திறக்கும் சாவி எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1086இல் எழுதிய இங்கிலாந்தின் டோம்ஸ்டே நிலப்பதிவேட்டை இன்றும் படிக்கிறார்கள். அதன் 900ஆம் ஆண்டு நினைவாக 1986இல் பிபிசி லேசர் வட்டுகளில் வெளியிட்ட புதிய டோம்ஸ்டே, பதினைந்தே ஆண்டுகளில் படிக்கும் கருவியில்லாமல் தவித்தது. தனியாக ஒரு மீட்பு முயற்சி தேவைப்பட்டது.

நமக்கு உறவான ஒரு நாடு இதற்கு வழி கண்டிருக்கிறது. பாரிசில் கணக்கர் வேலை பார்க்கும் என் பெரியம்மா பேரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரான்சில் 2014 ஜனவரி 1 முதல், கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர்கள் வரித் தணிக்கை வந்தால் தங்கள் பதிவுகள் அனைத்தையும் ஒரே மாதிரியான ஒரு கோப்பாகத் தர வேண்டும். சுருக்கமாக எஃப்ஈசி என்கிறார்கள். எந்த நிறுவனத்தின் மென்பொருளாக இருந்தாலும் அந்தக் கோப்பைத் தந்தாக வேண்டும். வெறும் எழுத்துக் கோப்பு. 18 பத்திகள். பதிவு எண், தேதி, கணக்கின் பெயர், ஆவண எண், பற்று, வரவு என்று போகும் அந்தப் பதினெட்டில் ஒன்று, அந்தப் பதிவு எதற்காக என்று எழுதும் விளக்கம். அதாவது நம்முடைய நரேஷன். அதைக் கேட்டபோது எனக்கு அந்த நான்கு லட்ச வரிதான் நினைவுக்கு வந்தது. ஐந்தொகையில் தொகை மட்டும்தான் நிற்கும், அது ஏன் வந்தது என்பதை நரேஷன்தான் சொல்லும். போர்ச்சுகலில் இதுபோன்ற ஒரு முறை 2008 முதலே இருக்கிறது.

நம் நாட்டில் இது ஏன் முடியாது? ஜிஎஸ்டி தளம் விற்பனை விவரங்களை ஜேசான் என்ற திறந்த வடிவில் கேட்கிறது, எல்லா மென்பொருளும் தருகின்றன. அரசு தன் சொந்த மின்னாளுகைக்குத் திறந்த தரங்களைப் பின்பற்றும் கொள்கையை 2010லேயே வெளியிட்டிருக்கிறது. அதே எண்ணத்தைக் கணக்குப் புத்தகத்துக்கும் நீட்ட வேண்டும். பட்டயக் கணக்காளர் நிறுவனமும் மத்திய அரசும் உட்கார்ந்து பத்திகளை முடிவு செய்யட்டும். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு கணக்கு மென்பொருளும் ஆண்டுக் கணக்கு முழுவதையும், நரேஷன் உட்பட, அந்த வடிவில் ஒரே பொத்தானில் தரட்டும். புது வெர்ஷனை வெளியிடும் நிறுவனம், தன் பழைய வெர்ஷன்களின் டேட்டாவைப் படிக்க மட்டுமாவது உரிமக் கட்டணம் இல்லாமல், காலக்கெடு இல்லாமல் ஒரு வழியை வைத்திருக்கட்டும். முடியாது என்றால் கோப்பின் உள்ளமைப்பை வெளியிட்டுவிடட்டும். மென்பொருள் அவர்களுடையது. உள்ளே இருக்கும் கணக்கு கடைக்காரருடையது.

புதுச்சேரி அரசு டெல்லியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. தன் சார்பு நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் ஒவ்வொரு ஆண்டும் கணக்கைத் திறந்த வடிவிலும் சேமிக்க வேண்டும் என்று ஓர் ஆணை போட்டால் போதும். ஊர் வணிகர்கள் அதைப் பார்த்துப் பின்பற்றுவார்கள்.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியது நம் கையில் இருக்கிறது. என்னைப் போன்ற கணக்காளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆண்டுக் கணக்கை முடித்ததும் நரேஷனோடு கூடிய டே புக், எல்லா லெட்ஜர்கள், ட்ரையல் பேலன்ஸ், சரக்கு இருப்பு நான்கையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஒன்று பிடிஎஃப்பாக. முடிந்தால் நீண்ட காலச் சேமிப்புக்கென்றே 2005இல் உலகத் தரமாக வந்த பிடிஎஃப்-ஏ வடிவில். இன்னொன்று எக்செல் அல்லது எக்ஸ்எம்எல் அட்டவணையாக. டாலியிலேயே இதற்கான எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறது. அரை மணி நேர வேலை. நாளை எந்த வெர்ஷன் வந்தாலும் எந்த நிறுவனம் போனாலும் இவை படிக்கக் கிடைக்கும்.

வெர்ஷன் மாற்றும் நாளில், மாற்றுவதற்கு முன் பழையதில் ட்ரையல் பேலன்ஸ் எடுங்கள். மாற்றிய பின் புதியதில் எடுங்கள். மொத்தம் ஒத்துப்போகிறது என்று திருப்தியடைந்து விடாதீர்கள். கடன் மூலதனத்தில் ஏறி உட்கார்ந்தாலும் மொத்தம் ஒத்துத்தான் போகும், நான் செய்த பிழை அதற்குச் சாட்சி. லெட்ஜர் லெட்ஜராக, பிரிவு பிரிவாக, ஐயா செய்ததுபோல் ஒருவர் படிக்க ஒருவர் புள்ளி வைத்துப் பாருங்கள். பழைய டேட்டாவின் தொடாத பிரதி ஒன்றையும் அப்படியே வைத்திருங்கள்.

வெர்ஷன் பெயர், சீரியல் எண், யூசர் பெயர், பாஸ்வேர்டு நான்கையும் ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுக் கடைச் சாவி வைக்கும் இடத்தில் வையுங்கள். டாலிவால்ட் பாஸ்வேர்டு போட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது டேட்டாவையே மறையாக்கம் செய்துவிடுவதால், மறந்துவிட்டால் மீட்க வழியே கிடையாது. இறந்தவர் மனத்தில் இருந்த எண்ணை ஊகித்துத் திறக்கும் அதிர்ஷ்டம் எல்லா வீட்டுக்கும் வாய்க்காது.

பேக்கப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று கடையில், தரைத்தட்டில் இல்லாமல் உயரத்தில். மற்றொன்று வேறு தெருவில் இருக்கும் வீட்டில். ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குக் கணக்குப் புத்தகத்துக்குப் பொட்டு வைக்கும் நாளிலாவது, அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டுத் திறந்து பாருங்கள். பொட்டு வைப்பதோடு அதைத் திறந்தும் பார்த்தால்தான் பூஜை நிறைவாகும்.

பாகம் பேசி முடித்த அன்று மாலை, பெரியவரின் மனைவி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். "அந்த வரியை ஒரு தாள்ல எடுத்துக் குடும்மா" என்றார். அந்த வவுச்சரை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் படித்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். அதில் அவர் மாமனார் காலத்து வீட்டுப் பத்திரம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், நொத்தேர் (நோட்டரி) முன்னால் பிரெஞ்சு மொழியில் எழுதியது. தாள் பழுத்திருக்கிறது, மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. ஆனாலும் எழுத்து தெளிவாக இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்த யாரும் இன்றைக்கும் அதைப் படித்துச் சொல்லிவிடலாம். நான்கு லட்ச ரூபாய் வவுச்சரை நான்காக மடித்து அந்தப் பத்திரத்துக்கு மேலே வைத்துப் பெட்டியை மூடினார்.